சிவப்புக் கார் கிட்

பிறந்தநாள் பரிசு என்று சுகுணா கொடுத்த பெட்டியைப் பிரித்த வேகத்திலேயே கதிரவன் மூடிவிட்டான். உள்ளே ஒரு சின்னக் காரின் மாடல் கிட் இருந்தது. பெட்டியில் அச்சிட்டிருந்த கார் சிவப்பு. ஏழு மாதத்துக்கு முன்பு தொப்பூர் கணவாயில் நொறுங்கிய அவர்களுடைய காரும் சிவப்புதான்.

கதிரவன் தருமபுரியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பிரேமில் பொருத்துகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி ஒட்டி, பெயின்ட் அடித்து, உள்ளங்கை அளவில் ராணுவ டாங்கிகள் செய்வான். பன்னிரண்டு வருடத்தில் ஒரு கார்கூடச் செய்ததில்லை. அவன் சேர்ந்திருந்த பேஸ்புக் குழுவிலும் டாங்கிக்குத்தான் கூட்டம். ஒரு டாங்கியைப் போட்டால் முந்நூறு லைக் விழும், எந்த வருடத்து வண்டி, எந்தப் போர் என்று சண்டையே நடக்கும். காரைப் போட்டால் நாலு பேர் ‘அழகு’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். செய்கிறவர்களுக்கும் டாங்கிதான் வசதி. பசை வழிந்தால் மேலே சேறு பூசிவிடலாம், பெயின்ட் திட்டாகப் போனால் துரு என்று சொல்லிவிடலாம். காருக்குப் பளபளப்பு வேண்டும். அதில் ஒரு தூசி உட்கார்ந்தாலும் ஊருக்கே தெரியும்.

ஆனால் இப்போது பெட்டியை மூடியது அதனால் அல்ல.

அன்று சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கதிரவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது, சுகுணாதான் ஓட்டினாள். காலையில் அவன் போட்டிருந்த டாங்கிப் படம் கணவாய் இறக்கத்தில் ஆயிரம் லைக்கைத் தாண்டியது. “சுகுணா, இங்க பாரேன்” என்று போனை நீட்டினான். அடுத்த நொடி சத்தம். முன்னால் போன லாரியில் மோதியிருந்தார்கள். அவளுக்குக் காறை எலும்பு முறிந்தது. அவனுக்கு நெற்றியில் ஒரு கீறல்.

ஆஸ்பத்திரிக்கு வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் அவள், “நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்” என்றாள். அவளுடைய அம்மா திட்டியபோதும் அதையே சொன்னாள். இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற கதிரவன் வாயைத் திறக்கவில்லை. தன்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டிருக்கிறாள் என்று நினைத்தான். அதன்பிறகு அவள் கார் ஓட்டவில்லை, வேலை பார்க்கும் கடத்தூர் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில்தான் போனாள். விபத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. பேசாமல் இருந்தவள் இப்போது இந்தப் பெட்டியை வாங்கி வந்திருக்கிறாள்.

இருந்தாலும் ஒட்டத் தொடங்கினான், நாலு ஞாயிறு ஆனது. அடித்த சிவப்பை இரண்டு முறை தேய்த்தெடுத்து மறுபடி அடித்தான். ஐந்தாவது ஞாயிறு மத்தியானம், தூசி பறக்காமல் இருக்க ஜன்னலைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்து, கடைசிப் பூச்சை அடித்து முடித்தான். சுகுணா மோர் கொண்டுவந்தாள்.

“நம்ம வண்டி மாதிரியே இருக்குதுங்க.”

அதற்குமேல் அவனால் அடக்க முடியவில்லை.

“அன்னிக்கு நான் போனை நீட்டலைன்னா நீ திரும்பியிருக்க மாட்ட. பழிய பூரா நீ ஏத்துக்கிட்ட. நான் கல்லு மாதிரி நின்னேன்.”

“எந்தப் போனு?”

“டாங்கி போட்டோ. இங்க பாருன்னு காட்டினேனே.”

சுகுணா டம்ளரைக் கீழே வைத்தாள். “ஏதோ சொன்னீங்க, ஞாபகம் இருக்குது. ஆனா நான் திரும்பவே இல்லீங்க. வூட்டுல இருக்கறப்பவே உங்க டாங்கிய நான் பாக்கறதில்ல, எல்லாம் ஒரே பச்சையாத் தெரியும். ரோட்டுலயா பாக்கப் போறேன்?”

“அப்புறம் எப்படி?”

“அந்த லாரிக்குப் பின்னால பிரேக் லைட்டே எரியல. நானும் கொஞ்சம் ஒட்டிப் போயிட்டேன். அவ்ளோதான்.” பிறகு குரல் இறங்கியது. “என் மேல கோவம், அதான் அதப்பத்தி ஒரு வார்த்த பேசமாட்டேங்கறீங்கன்னு நெனச்சேன்.”

“எட்டு மாசமாவா?”

“எட்டு மாசமாத்தான்.”

கதிரவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஈரம் லுங்கியில் ஏறியது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. மார்பின் மேலிருந்து யாரோ மூட்டையை இறக்கினாற்போல மூச்சு நீளமாக வந்தது. கண்ணில் தண்ணீரும் சேர்ந்து வந்தது. அவனைப் பார்த்து அவள் சிரித்தாள், பிறகு அவனும் சிரித்தான்.

“அப்ப இதை எதுக்கு வாங்குன?”

“உங்களுக்குன்னு தேடுனா பூரா டாங்கியும் பீரங்கியுமா வந்துச்சுங்க. இது ஒன்னுதான் எனக்குப் புடிச்சுது. நம்ம வண்டிய நசுங்குனதாத்தான் கடைசியாப் பாத்தோம். ஒரு தடவ முழுசாப் பாக்கணும்னு இருந்துச்சு.” மோர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி, “அடுத்த வாரம் அண்ணன் வண்டிய வாங்கி பாப்பாரப்பட்டி வரைக்கும் ஓட்டிப் பாக்கட்டுமா? பக்கத்துல உக்காருவீங்களா?” என்றாள்.

“உக்காருறேன்.”

அவள் மேசைப் பக்கம் குனிந்தாள். “காஞ்சிருச்சா?” என்று கேட்டபடியே பானெட்டில் கட்டைவிரலை வைத்தாள்.

“ஐயோ!”

விரலை எடுத்தபோது சிவப்பு அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் பயந்துபோய் அவனைப் பார்த்தாள். அவன் எழுந்து ஜன்னலைத் திறந்து, கடை வேலையில் கண்ணில் மாட்டும் உருப்பெருக்கி லென்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தான். ஈரப் பளபளப்பில் அவளுடைய ரேகை ஒன்றுவிடாமல் பதிந்திருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழித்த அந்தக் கோடுகளில் வெளியிலிருந்து வந்த வெயில் நின்றது.