மூட்டைக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூஜையன்று வீட்டில் இருக்கிற எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைத்துவிட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் வருஷம் முழுக்க அது ஞாபகத்தில் உறுத்திக்கொண்டே இருக்கும். சாமி இருக்கிறதோ இல்லையோ, அந்த உறுத்தல் எனக்கு ஆகாது. அதனால் அரிவாள்மனை, சுத்தியல், சைக்கிள், மிக்ஸி, வாசல் பூட்டு என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தேன். அப்படித்தான் அந்தச் சாவிக்கும் வைத்தேன். என்னைக் கேட்டால் அதில் தப்பு ஒன்றுமில்லை.

சாவி என் மகள் எழிலுடையது. அவள் அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்கிறாள், பாதி நாள் திருமழிசையில் எங்கள் வீட்டிலிருந்தே. அது சம்பளத்துக்கு. சம்பளம் இல்லாமல் இன்னொரு வேலையும் செய்கிறாள். அதற்கு 'மூட்டை' என்று பெயர் வைத்திருக்கிறாள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு நான் லோடுமேனாக மூட்டை தூக்கியவன், முதுகு போனபிறகு அதே கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக நின்றவன். அந்த ஞாபகத்தில் வைத்த பெயராம். முதலில் கிண்டல் பண்ணுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.

கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் போட வேண்டுமென்றால் அது தனியாக வராதாம். துணைக்கு வேறு நாலு வேண்டும். அந்த நாலுக்கும் துணை வேண்டும். எது எதோடு ஒத்துப்போகும், எது பழசு, எது புதுசு என்று பார்த்து, மொத்தத்தையும் கொண்டுவந்து இறக்குவதுதான் மூட்டையின் வேலை. வேண்டாதபோது ஏற்றிக்கொண்டு போய்விடும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படிச் செய்திருக்கிறது என்று பிரித்தும் பார்க்கலாம். காசு கிடையாது.

சும்மா கொடுக்கிறவனை நான் நம்பியதில்லை. சும்மா வாங்குகிறவனை அதைவிட நம்பியதில்லை.

"ஓசில வாங்கிகினு திட்டி வேற எழுதறானுங்க. உனக்கு இன்னாம்மா வேண்டுதலா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ டீ குடிக்கிறியே, அது வேண்டுதலா நைனா? அது மாரிதான்," என்றாள். பேச்சில் அவள் அம்மா மாதிரி.

இந்த மூட்டைக்கு ஒரு முத்திரை உண்டு. புதிதாகத் திருத்தி வெளியே அனுப்பும்போது, பென் டிரைவ் மாதிரி நகத்தளவு இருக்கும் அந்தச் சாவியை லேப்டாப்பில் சொருகி முத்திரை போட வேண்டும். முத்திரை இல்லாமல் வந்தால் யாருடைய கம்ப்யூட்டரும் ஏற்காது. இது எனக்குப் பிடித்திருந்தது. சீல் இல்லாத லாரியை நானும் உள்ளே விட்டதில்லை.

பிடிக்காதது ரெனாட்டா. பிரேசில் நாட்டுக்காரி. கொஞ்ச வருஷமாக எழிலோடு சேர்ந்து அவளும் மூட்டை வேலை செய்கிறாள். அவளுக்கும் முத்திரை போடுகிற உரிமையைக் கொடுக்கப்போகிறேன் என்று எழில் ஒருநாள் சொன்னாள்.

"மொகரையை நேர்ல பாத்திருக்கியா? ஊரு பேரு தெரியாதவ கையில கம்பெனி கேட்டு சாவியக் குடுப்பாங்களா?" என்றேன்.

எழில் லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். அதன்பிறகும் இரண்டு பேரும் வீடியோவில் பேசும்போதெல்லாம் பின்னால் நின்று, "யாருடி அவ? இன்னும் ஃபோனை வெக்கலியா?" என்று குரல் கொடுப்பேன். அது என் வழக்கம்.

பூஜையன்று காலையில் எழில் புது மூட்டையை முத்திரை போட்டு அனுப்பிவிட்டு, லேப்டாப்பைத் துடைத்து சாமி முன்னால் வைத்தாள். சாவியை மட்டும் மேசை டிராயரிலேயே விட்டுவிட்டாள். நான்தான் எடுத்துக்கொண்டு வந்தேன். அதன் சொருகுகிற முனையில் சின்னதாக ஒரு குழி. குழி இருந்தால் சந்தனம் நிறையத்தானே செய்யும்? கட்டைவிரலால் அழுத்தி வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் சாப்பிட்டுப் படுத்தேன்.

சாயங்கால டீக்கு எழுந்தபோது எழில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றாள். காலையில் போன மூட்டையில் கோளாறு. போய் இறங்கிய இடத்திலெல்லாம், தேவையான பழைய சாமான்களையும் வேண்டாதவை என்று நினைத்து ஏற்றிக்கொண்டு போகிறதாம். நிறையப் பேர் திட்டி எழுதியிருந்தார்கள். ஒரு காலேஜ் பையன் மட்டும் திட்டவில்லை. லேப் பூராவும் நின்றுவிட்டது அக்கா, நாளைக்கு மறுநாள் பரீட்சை என்று எழுதியிருந்தான். அதைப் படித்ததும்தான் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"படைச்ச சாமானை நாளைக்கு வரைக்கும் எடுக்கக் கூடாது," என்றேன்.

"யோவ், சாமி ஒண்ணியும் கோச்சுக்காது. நீ தள்ளு," என்று என் பெண்டாட்டி பார்வதம் லேப்டாப்பை மாலையோடு எடுத்து மகள் மடியில் வைத்தாள்.

எழில் தப்பைக் கண்டுபிடித்துச் சரி பண்ணினாள். நேரம் பிடித்தது, ஆனால் பண்ணிவிட்டாள். முத்திரை போட டிராயரைத் திறந்தாள். சாவி இல்லை. திரும்பி சாமி மாடத்தைப் பார்த்தாள். சுத்தியலுக்கும் அரிவாள்மனைக்கும் நடுவில் இருந்தது.

எடுத்துப் பார்த்தவள், "நைனா," என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன்.

கல்லில் உரைத்த சந்தனம். காய்ந்து கல்லாகவே ஆகியிருந்தது. பல் துலக்குகிற பிரஷ்ஷால் தேய்த்தாள். பார்வதம் சேஃப்டி பின்னை வைத்து நோண்டினாள். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். "தண்ணி வேணாம்!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். சொருகிச் சொருகிப் பார்த்தாள். லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

பக்கத்து வீட்டு பேபி பொரி வாங்க வந்தவள் எட்டிப் பார்த்தாள். "இன்னா அண்ணாத்தே, பொட்டு கொஞ்சம் ஓவராப் பூட்ச்சா?"

"பொரிய வாங்கிகினு கெளம்பு," என்றேன்.

"வேற சாவி இல்லியா?" என்று எழிலைக் கேட்டேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா விளக்கைப் பார்த்தாள். இந்தப் பார்வை எனக்குத் தெரியும். லாரியில் கணக்கில்லாத சரக்கு இருந்தால் டிரைவரும் கிளீனரும் இப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள்.

"ரெனாட்டாகிட்ட கீது நைனா. பொங்கல் முடிஞ்சதுலருந்து."

"உனக்குத் தெரியுமா?" என்று பார்வதத்தைக் கேட்டேன்.

"தெரியாம இன்னா? அவளுக்குக் குடுத்த அன்னிக்கு வடை பாயசம் இன்னாத்துக்குன்னு கூட கேக்காம துன்னியே," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்பட அப்போது அங்கே இடமில்லை. எழில் ஏற்கெனவே ரெனாட்டாவுக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அங்கே அப்போது காலை நேரமாம். பதில் உடனே வந்தது. எழில் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னா சொல்றா?"

"போட மாட்டேங்கிறா. 'உன் சாவி வேலை செய்யலைன்னு சொல்றே, லீவு நாள்ல அவசரமா என் முத்திரையைக் கேக்கறே, திருடனா இருந்தாலும் இதையேதான் எழுதுவான். நீ எழில்னு நான் எப்படி நம்பறது?'ன்னு கேக்கறா."

"சரியாத்தானே கேக்கறா," என்றேன்.

"நைனா, நீ யார் பக்கம்?"

"கேட்டு பக்கம்."

வீடியோ போட்டாள். அன்றைக்குத்தான் அந்த ரெனாட்டாவை நான் நேராக உட்கார்ந்து பார்த்தேன். சுருட்டை முடி, கையில் காபி, முகத்தில் சிரிப்பே இல்லை. எழிலை உற்றுப் பார்த்தாள். என்னமோ சொன்னாள். இந்தக் காலத்தில் முகத்தைக்கூட பொய்யாகச் செய்துவிடுகிறார்கள் என்கிறாளாம். சாவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். எழில் இங்கிலீஷில் விளக்கினாள். ரெனாட்டா புருவத்தைத் தூக்கினாள். பிறகு ஏதோ கேட்டாள். எழில் என் பக்கம் திரும்பினாள்.

"பின்னால நின்னு கத்துவாரே ஒருத்தர், அவரை வரச் சொல்லுங்கிறா. அந்தக் குரலை இத்தனை வருஷமா கேக்கறாளாம். கேட்டா கண்டுபுடிச்சிடுவாளாம்."

நாற்காலியில் உட்கார்த்தி வைத்தார்கள். கத்து என்றால் எப்படிக் கத்துவது? "வணக்கம்," என்றேன். ரெனாட்டா தலையை ஆட்டினாள். இல்லையாம்.

"டெய்லி ஓசில திட்டுவே, இப்ப இன்னா வந்துச்சு?" என்று பார்வதம் பின்னாலிருந்து குத்தினாள்.

நான் சந்தனச் சாவியை அந்தத் திரைக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். ரெனாட்டா கிட்ட வந்து பார்த்தாள். ஏதோ கேட்டாள்.

"சொருகற முனையில போயி யாராவது இதைப் பூசுவாங்களான்னு கேக்கறா நைனா."

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "பூசாம? ஆயுதம்மா அது! சோறு போடாட்டியும் ஆயுதம் ஆயுதம்தான்! பொட்டு வெக்காம நீ வேலை செய்வியா? யாருடி இவ, நல்ல நாளும் அதுவுமா கேள்வி கேட்டுகினு? எழிலு, வெச்சிடு ஃபோனை!"

ரெனாட்டா காபியைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். 'யாருடி' என்று அவளும் ஒருதரம் சொன்னாள், கிட்டத்தட்டச் சரியாகவே. அந்தச் சொல்லை இத்தனை வருஷத்தில் பாடம் பண்ணி வைத்திருக்கிறாள். இது எழில்தான், சந்தேகமில்லை, இப்படி ஒரு சாக்கை எந்தத் திருடனாலும் யோசிக்க முடியாது என்றாளாம்.

அப்போதும் ரெனாட்டா உடனே முத்திரையைப் போட்டுவிடவில்லை. எழில் திருத்தியதை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். எழில் நகத்தைக் கடித்தாள். நான் அவசரப்படுத்தவில்லை. லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான் என்பதற்காக தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்காமல் கேட்டைத் திறக்கிறவன் வாட்ச்மேன் இல்லை. ஒரு இடத்தில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டாள், எழில் ஒரு வரியை மாற்றினாள். அப்புறம்தான் தன் சாவியைச் சொருகினாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் காலேஜ் பையன் எழுதினான். எல்லாம் திரும்ப வந்துவிட்டதாம். எழில் அதை இரண்டு தரம் படித்துக் காட்டிவிட்டு, மிச்சமிருந்த சுண்டலைப் பாத்திரத்தோடு எடுத்துக்கொண்டு போனாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன்.

"எங்கிட்ட சொல்லாம குடுத்தது தப்புதான்," என்றேன். "ஆனா ஆளைப் பாத்துத்தான் குடுத்திருக்கே. நம்ம கம்பெனி கேட்டுல இவ மாரி ஒருத்தி இருந்திருந்தா நான் நைட் ஷிப்டுல நிம்மதியா கண்ணசந்திருப்பேன்."

"அப்ப இனிமே பின்னால நின்னு கத்த மாட்டியே?"

"அதெப்படி? நாளைக்கு என் குரலை அவ மறந்துட்டா?"

மறுநாள் விஜயதசமி காலையில் ரெனாட்டாவிடமிருந்து ஒரு படம் வந்தது. அவள் மேசைமேல் அவளுடைய சாவி. அதன் முதுகில் உதட்டுச் சாயத்தால் வைத்த சிவப்புப் பொட்டு. பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். சொருகுகிற முனை சுத்தமாக இருந்தது.

சரிதான் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.