தாய் வழி வியாதி

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

“மூச்சு வுடக் கூடாது, சொல்லிட்டேன்,” என்றாள் மாமியார் ரஹீமுன்னிசா, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. ரகசியமாகச் சொன்னதாக அவள் நினைப்பு. காது மந்தமானவர்களின் ரகசியம் டோல்கேட் வரைக்கும் கேட்கும்.

பழைய பெட்டிகளும் அரிசி டிரம்மும் அடைத்துக்கொண்டிருந்த அந்த அறையில் ஷாஸியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் மகள் ரூஹி. ஏழு வயது. தூக்கிப் பார்த்தால் நாலு வயதுக்கு மேல் சொல்ல முடியாது. அடிக்கடி வலிப்பு வரும். பத்தடி நடந்தால் கால் மடங்கிவிடும்.

“ம்மா, யாரு வந்துகீறாங்க?”

“ஜீனத் குப்பியப் பொண்ணு பாக்க வந்துகீறாங்க.”

“நாமளும் போய்ப் பாக்கலாமா?”

“நாம அப்பால பாத்துக்கலாம், கண்ணு.”

கூடத்தில் நாற்காலிகள் இழுபட்டன. டீ கிளாஸ்கள் கலகலத்தன. ராயபுரத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தாயார் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

“உங்க பேத்திக்கு இன்னாவோ வலிப்பாமே?”

“இன்னாது?”

“பேத்திக்கு! வலிப்பாமே!”

“ஓ, அதுவா?” ரஹீமுன்னிசாவின் குரல் உயர்ந்தது. “அது எங்க வழி இல்லீங்க. மருமவ வழி. தாய் வழி வியாதின்னு ஆராய்ச்சி பண்ற டாக்டரம்மாவே சொல்லிடுச்சி. எங்களுக்கும் அதுக்கும் ஒட்டும் கெடையாது, ஒறவும் கெடையாது.”

ரூஹிக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. ஒரு முறை இருமினாள். கூடத்தில் பேச்சு நின்றது.

ஷாஸியாவின் உள்ளங்கை மகளின் வாயைப் பொத்தியது. குழந்தையின் தோள் குலுங்கியது, கண்கள் பிதுங்கி நீர் கோத்தன. கையை எடுத்தால் நாத்தனார் ஜீனத்தின் கல்யாணம் போய்விடும். எடுக்காவிட்டால்?

“பூனைங்க,” என்றாள் ரஹீமுன்னிசா வெளியே. “ஹார்பர் பக்கமில்ல, ஏகப்பட்ட பூனை.”

எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தம் முடிவாயிற்று.

ஷாஸியாவின் கணவன் அமானுக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு பேட்டரி சார்ஜ் போடும் கடை. நல்லவன். தாய் எதிரில் நின்று ஒரு வார்த்தை பேசத் தெரியாத நல்லவன்.

ரூஹியின் வலிப்புக்கு மந்திரித்து, தாயத்துக் கட்டி, ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்து, கடைசியில் இருவரும் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அங்கே டாக்டர் ஜானட் இருந்தாள். ராயபுரத்துப் பெண், அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மாநாடுகளில் இங்கிலீஷில் வெளுத்து வாங்குகிறவள், நோயாளிகளிடம் மட்டும் ஊர்ப் பாஷையை விடமாட்டாள்.

“இன்னா வேல உனுக்கு?” என்று அமானைக் கேட்டாள்.

“பேட்டரி கடைங்க.”

“அப்ப சொல்றது சுளுவு. ஒடம்பு பூரா, கண்ணுக்குத் தெரியாத துணுக்குக்குள்ளல்லாம் குட்டிக் குட்டி பேட்டரி கீதுன்னு வச்சிக்க. மைட்டோகாண்ட்ரியான்னு பேரு. துன்ற சோத்த அதுதான் தெம்பா மாத்தும். உன் பொண்ணுக்கு அதுல பழுது. தெம்பும் வராது, உள்ள கசிஞ்சி சுத்தி கீறதையும் அரிக்கும்.”

“ஆசிட் லீக்காயி டெர்மினல் பூத்துப்போற மாதிரியா?”

“அதே தான். அந்த அரிப்பத்தான் நாங்க வருசக்கணக்கா நோண்டிகினு கீறோம்.”

“பேட்டரிய மாத்திட முடியாதுங்களா?”

ஜானட் சிரிக்கவில்லை. “மாத்துற கடை இன்னும் தொறக்கல, நைனா. மாத்திரை தரேன், கொஞ்சம் தாக்குப் புடிக்கும். கொணமாயிடும்னு பொய் சொல்ல மாட்டேன்.”

“எப்டிங்க வந்துச்சி?”

“இந்தப் பழுது அம்மாகிட்டேர்ந்துதான் புள்ளைக்கு வரும். அப்பாகிட்டேர்ந்து வராது. ஆனா இதுல யாரு தப்பும் கெடையாது. நல்லா கேட்டுக்க, யாரு தப்பும் கெடையாது.”

அமான் வீட்டுக்கு வந்து தாயிடம் முதல் பாதியைச் சொன்னான். இரண்டாம் பாதி டோல்கேட் நெரிசலில் எங்கோ இறங்கிவிட்டது.

அன்று முதல் ஷாஸியா கை பட்ட எதையும் ஜீனத் சாப்பிடக் கூடாது என்றாயிற்று. சமையல் கையிலிருந்து போனது. விருந்தாளி வந்தால் அறைக்குள் போ என்றாயிற்று. இன்றைக்குத் தாழ்ப்பாளும் வந்துவிட்டது.

ராயபுரத்து ஆட்கள் போனதும் ரஹீமுன்னிசா கதவைத் திறந்தாள். ஜீனத் ஓடி வந்து ரூஹியைத் தூக்கிக்கொண்டாள். அந்த வீட்டில் அந்தக் குழந்தையைக் கூசாமல் தூக்குகிறவள் அவள் ஒருத்திதான்.

“பாபி, புள்ள வாயெல்லாம் செவந்து கெடக்கே!”

“அத்த உடு,” என்றாள் ரஹீமுன்னிசா. “நீ உள்ள போ. ஷாஸியா, நீ இங்க குந்து.”

விஷயம் சுருக்கமாக வந்தது. ஜீனத்துக்கு நாள் குறித்தாயிற்று. அது முடிந்த கையோடு அமானுக்கும் ஒரு நிக்காஹ். பெண், காலடிப்பேட்டையில் இருக்கும் ரஹீமுன்னிசாவின் கடைசித் தங்கை மகள் தஸ்லீம்.

“எனக்கும் நல்லா ஓடியாடுற பேரன் பேத்தி பாக்கணும்னு ஆச இருக்காதா? ஒன்ன யாரும் தள்ளி வெக்கல. புழல்ல உங்கப்பன் வூட்ல போயி இரு. அமான் வந்து பாத்துக்குவான்.”

அந்த அப்பனுக்கு இரண்டாவது மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். ஷாஸியா கணவனைப் பார்த்தாள். அவன் கைவிரலில் ஆசிட் பட்டு உரிந்த தோலைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்க இன்னா சொல்றீங்க?”

“அம்மா சொல்லுதுல்ல... கொஞ்ச நாள் போவட்டுமே, ஷாஸி.”

மறு வாரம் மாத்திரை வாங்க ரூஹியைத் தூக்கிக்கொண்டு ஷாஸியா மட்டும் ஜானட்டிடம் போனாள். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள்.

ஜானட் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினாள். “இன்னாம்மா இது அநியாயம்? சரி, உங்கம்மா வழிய இன்னொரு தபா சொல்லு. உங்கம்மா எப்டி போனாங்க?”

“நெஞ்சு பலவீனம்னாங்க. காதும் கேக்காது.”

“கூடப் பொறந்தவங்க?”

“அம்மா நடு. அவுங்க தங்கச்சி, சின்ன காலா, காலடிப்பேட்டைல கீறாங்க. அவுங்க மவதான் அந்த தஸ்லீம்.” சொல்லும்போதே அவள் குரல் தேய்ந்தது.

“பெரிய காலா?”

ஷாஸியா டாக்டரை ஏறிட்டுப் பார்த்தாள்.

அக்கா தங்கை பிள்ளைகள் கட்டிக்கொள்வது அவர்கள் குடும்பத்தில் தலைமுறை வழக்கம். சொத்தும் வெளியே போகாது, பெண்ணும் வெளியே போகாது. நிக்காஹ் அன்றைக்கு, அம்மாவின் அக்காவான பெரிய காலா ‘மாமி’ ஆனாள். அதோடு அவள் கணவனின் தாய், அவ்வளவுதான். முதல் தடவை ஜானட் தாய்வழி உறவுகளை விசாரித்தபோது யாருக்கும் அவள் ஞாபகம் வரவில்லை. ஷாஸியாவுக்கே வரவில்லை.

“எங்க மாமியாருதான் பெரிய காலா.”

ஜானட் பேனாவைக் கீழே வைத்தாள்.

“அவுங்களுக்குக் காது?”

“மந்தம்.”

“சக்கர?”

“முப்பது வயசுலேர்ந்து ஊசி.”

ஜானட் பேனாவை எடுத்து ஒரு புள்ளியிலிருந்து மூன்று கோடுகள் கிழித்தாள்.

“உங்கம்மாவப் பெத்த நானிகிட்டேர்ந்து மூணு பொண்ணுங்களுக்கும் வந்திருக்கலாம்,” என்றாள் ஜானட். “ஒவ்வொருத்தர்கிட்ட ஒவ்வொரு மாதிரி வேலையக் காட்டும். ஒருத்தருக்குக் காது, ஒருத்தருக்கு சக்கர, சிலருக்குக் கடேசி வரைக்கும் ஒன்னியும் தெரியாது. ரத்தம் பாத்தாத்தான் உறுதியா சொல்லலாம். அமானுக்கும் இருக்கலாம், ஆனா அவரு புள்ளைக்குக் குடுக்க முடியாது. அந்த தஸ்லீம் குடுக்கலாம்.”

“ஜீனத்?”

“அவளும்தான்.”

“நீங்க வந்து சொல்லுங்க, டாக்டர்.”

“உன் நோய உன்ன கேக்காம வெளிய சொல்ல எனுக்கு உரிம கெடையாது. அவுங்களா வந்தா பாப்பேன், காசு பணம் வேணாம். நீ சொல்லலாம். உன் கத, உன் வாயி.”

திரும்பும் பஸ்ஸில் ஷாஸியா கைக்குள் வைரம் கிடைத்தவள் போலவும் உட்கார்ந்திருந்தாள், பாம்பைப் பிடித்தவள் போலவும் உட்கார்ந்திருந்தாள். சொன்னால் தன் மேல் விழுந்த பழி போகும். சொன்னால் ஜீனத்தின் நிக்காஹும் போகும்.

வீட்டுக்குள் மட்டும் சொல்வது என்று தீர்மானித்தாள். ஜீனத் தையல் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்தாள்.

“காலா,” என்று கூப்பிட்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த முறையை அவள் வாய் சொன்னதே இல்லை. ரஹீமுன்னிசா திடுக்கிட்டுத் திரும்பினாள். ஷாஸியா அவள் காதருகே குனிந்து, ஒன்றையும் விடாமல், நிதானமாகச் சொன்னாள். காது, சக்கரை, இறந்துபோன தன் தாய், தஸ்லீம், ஜீனத். அமான் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ரஹீமுன்னிசா ஆர்ப்பாட்டம் செய்வாள் என்று எதிர்பார்த்தார்கள். செய்யவில்லை. எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“ஜீனத்துக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியவும் கூடாது.” மகனிடம் திரும்பினாள். “தஸ்லீம் வேணாம்டா. சின்னவகிட்ட நான் இன்னாவோ ஒன்னு சொல்லிக்கிறேன். வெளிய பொண்ணு பாப்போம்.”

ஷாஸியா அவள் எதிரில் வந்து நின்றாள். “அப்ப நம்பிட்டீங்க!”

“நம்பினதாலதான் சொல்றேன்.”

“நம்பிட்டு, நான் மட்டும் ஏன் போவணும்? அது உங்ககிட்டயும்தான கீது?”

“எவளாவது ஒருத்தி தலையில அது நிக்கணும், ஷாஸியா.” ரஹீமுன்னிசாவின் குரல் முதல் முறையாக உண்மையிலேயே தாழ்ந்திருந்தது. “ஒன் தலையில ஏற்கெனவே நின்னுடுச்சி. ஊரே பாத்தாச்சி. அத்த எறக்கி எம் பொண்ணு தலையில வெக்கச் சொல்றியா? எம் பொண்ணயும் நாளைக்கு ஒருத்தி ரூமுல போட்டுப் பூட்டணுமா? நீயும் ஒரு பொண்ணப் பெத்தவதான. சொல்லு.”

எதிரில் இருந்தவள் ஷாஸியாவுக்கு எதிரியாகவும் தெரிந்தாள், தன்னைப் போலவே பூட்டப்பட்டவளாகவும் தெரிந்தாள். சாவி மட்டும் அந்த வீட்டில் யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

“அமான்?” என்றாள் கடைசியாக.

“எனக்கும் கீதாமா அது?” என்றான் அவன்.

“கீதுன்னாலும் ஒங்களால பரவாது. பயப்படாதீங்க.”

அவன் முகத்தில் தெரிந்தது வெட்கமா நிம்மதியா என்று பார்க்க அவள் நிற்கவில்லை.

ஜீனத்தின் நிக்காஹுக்கு முன்பே ஷாஸியாவை அனுப்பிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. நல்ல வெயில். ஆட்டோ வந்து நின்றது. துணிப் பை இரண்டு, மாத்திரை டப்பா, ரூஹி. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

எதிர்வீட்டு சௌக்கத் அலி, சும்மா இருக்கத் தெரியாத மனிதர், ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். “இன்னா ரஹீமா, கல்யாண வூட்ல வேல தலைக்கு மேல கெடக்கு. மருமவள எங்க பார்சல் பண்ற?”

“இன்னா பண்றது, பாய்? தாய் வழி வியாதி. நல்ல காரியம் நடக்குற எடத்துல வேணாம்னு டாக்டரே சொல்றாங்க.”

டாக்டர் சொல்லாததைக் கேட்டதும் ஷாஸியா நிமிர்ந்தாள். ஒரு கால் ஆட்டோவிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

“ஆமா, பாய். தாய் வழிதான். எங்கம்மாவப் பெத்தவங்க பேரு இன்னான்னு இவுங்ககிட்ட கேளுங்க.”

சௌக்கத் அலி கடகடவென்று சிரித்தார்.

“இதுல கேக்கறதுக்கு இன்னா கீது? காத்தூன் பீவி! ரஹீமாவோட அம்மா! ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரே வழிதானம்மே. இந்தத் தெருவுல யாருக்குத் தெரியாது?”

“யாருக்குத் தெரியாது?” என்று பின்னால் இரண்டு பெண்களும் சிரித்தார்கள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பெண்களின் வழியை யாரும் வழியாக எண்ணிப் பார்த்ததில்லை என்பதால், தெரிந்ததில் ஒன்றும் விளங்கவில்லை.

ரஹீமுன்னிசா சிரிக்கவில்லை. வாசற்படியில் மருதாணிக் கையோடு நின்ற ஜீனத்தும் சிரிக்கவில்லை. அவள் உதடுகள் மெல்ல அசைந்தன. நானி. அம்மா. அதற்கடுத்த பெயரில் அவை நின்றுபோயின.

“பாபி...” என்று ஓரடி முன்னால் வந்தாள்.

ஆட்டோ நகர்ந்தது. ரஹீமுன்னிசா பாய்ந்து மகளின் முழங்கையைப் பிடித்தாள்.

“உள்ள போடி. வெயில்ல நின்னு கறுத்துடப் போற.”

ஜீனத் நகரவில்லை.