பன்னிரண்டு பேர் குடியிருக்கும் வீடு

சாந்தோம் சந்து வீட்டில் ஃப்ளோராவும் ஒரு பூனையும்தான் குடியிருந்தார்கள். ஆனால் மூன்று வாரத்தில் அந்தக் கதவு எண்ணுக்குப் பதினோரு பேர் பெயரில் கார்ப்பரேஷன் கவர் வந்துவிட்டது. எல்லாம் ஸ்பீடு போஸ்ட். அந்தப் பெயர்களைச் சந்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆள் இல்லாத வீட்டுத் தபாலை அக்கம்பக்கத்தார் வாங்கி வைப்பது அங்கே வழக்கம். தேடி வந்தால் கொடுக்கலாம் என்று ஃப்ளோரா ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டு வாங்கி, ஃப்ரிட்ஜ் மேல் அடுக்கினாள். யாரும் தேடி வரவில்லை. பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள் அவள். காரணம் தெரியாத ஒன்று கண்ணெதிரே கிடந்தால் சோறு இறங்காது.

பன்னிரண்டாவது கவர் வந்த வெள்ளிக்கிழமை அவள் பள்ளியில் இருந்தாள். தபால்காரர் திரும்ப எடுத்துப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் லாய்ட் வாசலில் நின்றான். இறந்துபோன கணவரின் அண்ணன் மகன். மெயின் ரோட்டில் எழுபது பேர் வேலை பார்க்கும் கம்பெனி வைத்திருப்பவன். ஈஸ்டருக்குக்கூட எட்டிப் பார்க்காதவன்.

“ஆன்ட்டி, நேத்து லெட்டரை ஏன் வாங்கல? கார்ப்பரேஷன் வெப்சைட்ல என் லாகின்ல ஒரு பேர் மட்டும் செகப்பா நிக்குது.”

“என் வீட்டுக்கு வர்ற லெட்டர் உன் லாகின்ல ஏன்டா நிக்கணும்?”

அவனுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். மீன் பையோடு அன்புக்கரசி. நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் சுலோச்சனாவின் மகள். பி.காம். முடித்துவிட்டுப் போன மாதம் லாய்டிடம் வேலை கேட்டுப் போனவள். காலியிடம் இல்லை என்று துரத்தியிருந்தான்.

“இன்னாக்கா புரியலயா? கம்பெனிங்க இங்க வரணும்னு சொத்துவரில பாதி தள்ளுபடி பண்றாங்க. அதுக்கு வார்டு ஆளுங்க பன்னெண்டு பேருக்கு வேலை குடுக்கணும். வார்டு ஆபீஸ் நோட்டீஸப் பாத்துதான் நான் போனேன். அந்தப் பன்னெண்டு பேரும் உங்கூட்லதான் கீறாங்களாம்!”

முடிச்சு அவிழ்ந்தது. யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க கார்ப்பரேஷனுக்கு ஆள் போதாது. அதனால் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் போடுகிறது. வீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கினால் அந்த ஆள் அங்கே இருக்கிறார். திரும்பி வந்தால் இல்லை. செலவு குறைந்த, அழகான சோதனை. கோபத்திலும் ஃப்ளோரா அதை ரசித்தாள். அதில் ஒரே ஓட்டைதான். அந்த ஓட்டையின் பெயர் ஃப்ளோரா.

“குப்பத்து ஆளுங்கள உள்ள விட்டா ஆஃபீஸே நாறிடும் ஆன்ட்டி.”

“போன வாரம் உங்கூட்டுக்கு வஞ்சிரம் எங்கம்மா கையாலதான் வந்துச்சு. அது மட்டும் மணந்துச்சா?” என்றாள் அன்புக்கரசி.

லாய்டின் முகம் கறுத்தது. அவன் ஃப்ளோராவிடம் திரும்பினான். “பதினொண்ணுலயும் உங்க கையெழுத்து. மாட்டினா நீங்களும்தான் மாட்டுவீங்க. ரொம்பப் பேசினா கம்பெனிய மூடிட்டுப் போய்க்கினே இருப்பேன்.”

“மூடு நைனா. மூணு வருஷத்துக்குள்ள மூடினா தள்ளுபடி பண்ண மொத்தத்தையும் திருப்பிக் கட்டணும். நோட்டீஸ் அடியில பொடி எழுத்துல போட்டுகீது.”

“வெளியே போடா,” என்றாள் ஃப்ளோரா.

அவன் போனதும் கார்ப்பரேஷனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். ‘நான் தனியாகக் குடியிருக்கிறேன். விவரம் தெரியாமல் பதினோரு கடிதங்களையும் நானே கையெழுத்திட்டு வாங்கினேன்.’ மாட்டினால் தானும்தான் மாட்டுவோம் என்று தெரியும். ஆனாலும் தன் கையெழுத்தை மறைக்கவில்லை.

திங்கட்கிழமை ஃப்ளோராவும் அன்புக்கரசியும் வார்டு அலுவலகத்துக்குப் போனார்கள். குமாஸ்தா ராமானுஜம் பிரிக்காத கவர்களை எண்ணிப் பார்த்தார். “படிச்சவங்க இப்படியாம்மா கையெழுத்துப் போடுவீங்க?” என்று சிடுசிடுத்துவிட்டு, பன்னிரண்டு பெயரையும் அடித்தார். பெயர் அடிபட்டால் முப்பது நாளுக்குள் அந்த இடத்தில் வார்டில் உண்மையாகவே குடியிருப்பவரை வேலைக்கு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முழு வரி. விதி அவ்வளவுதான்.

இருபத்தாறாம் நாள் நொச்சிக்குப்பத்துக்கு அன்புக்கரசி பெயரில் ஒரு கார்ப்பரேஷன் கவர் வந்தது. அவளே கையெழுத்துப் போட்டு அதை வாங்கினாள்.