வாலில்லாத செய்தி

குருநகரில் அந்த ஒடுங்கின தெரு ஒழுங்கைச் சனத்துக்கு இங்கிலீசுச் செய்திதான் செய்தி. தமிழ்ச் செய்தியை ஒருத்தரும் கணக்கெடுப்பதில்லை. "வெளிநாட்டுக்காரனும் கேக்கிற செய்தி, அதிலை கண்டபாட்டுக்குப் புளுகேலாது," என்பது செபநாயகத்தின் தீர்ப்பு. அவர் வள்ளச் சொந்தக்காரர், அவர் சொன்னால் ஒழுங்கை தலையாட்டும். ஆனால் இங்கிலீசு விளங்குகிறவள் அங்கே ஒரேயொருத்திதான். கொன்வென்ற்றில் படித்துவிட்டு, செபநாயகத்தின் வள்ளத்தில் தொழிலுக்குப் போகும் பேதுருவைக் கட்டிய மக்டலீன். படித்த படிப்பே அவளுக்குப் பிடித்த சனியன்.

அரசாங்கத்தின் தடையால் பற்றரி யாழ்ப்பாணத்துக்குள் வராமல் வருசக்கணக்காகிவிட்டது. பேதுரு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பெடலைக் கையால் சுற்றுவான். சில்லு சுழன்றால் டைனமோ சுழலும், டைனமோவிலிருந்து போகும் வயரில் றேடியோ கதைக்கும். கை ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும்.

மக்டலீனுக்கு அந்த இங்கிலீசுச் சொற்களை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். ஊரடங்கை ‘ஈஸ்’ பண்ணுவான்கள். தடையை ‘றிலாக்ஸ்’ பண்ணுவான்கள், இல்லாவிட்டால் ‘லிஃப்ற்’ பண்ணுவான்கள். சண்டையை ‘சஸ்பென்ற்’ பண்ணுவான்கள். என்ன மெத்தென்ற சொற்கள்! ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வால் வரும். இத்தனை மணி வரைக்கும், இன்ன இடம் தவிர, மறு அறிவித்தல் வரும்வரை. ஊரடங்கு தளர்ந்தது என்ற சொல்லை மட்டும் கேட்டுவிட்டுப் பாண் வாங்கப் போனவன் அவளுடைய தமையன். எத்தனை மணி வரைக்கும் என்று அவன் கேட்கவில்லை. பிரேதமாகத்தான் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும் "பொறுங்கோ, வாலையும் கேட்டிட்டுப் போங்கோ" என்பதே அவள் பேச்சு.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு பிறந்து, அரசாங்கமும் இயக்கமும் சண்டையை நிற்பாட்டிவிட்டுப் பேசப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே கதை. ஒருநாள் காலை ஒழுங்கைச் சனம் முழுக்க அவளுடைய முற்றத்தில் நின்றது. மீன்பிடித் தடையை எடுத்துக் கடலுக்கு விடுவார்களா, மாட்டார்களா? வள்ளங்கள் கரையில் வெயிலில் காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தன. பேதுரு சுற்றினான். றேடியோ ‘ஃபிஷிங்’ என்றது, கொஞ்சம் பொறுத்து ‘றிலாக்ஸ்’ என்றது. பேதுருவுக்குத் தெரிந்த இங்கிலீசே அந்த இரண்டு சொல்தான்.

"விட்டாச்சடா!" என்று பெடலைக் கைவிட்டுத் துள்ளினான். சனமும் சேர்ந்து துள்ளியது. சில்லு தளர்ந்தது. செய்தி வாசித்த பெண்ணின் குரல் மெலிந்து, முனகி, நின்றுபோனது.

"ஐயோ, சுத்துங்கோ! இன்னும் முடியேல்லை, சுத்துங்கோ!" என்று மக்டலீன் கத்தினாள்.

அவன் திரும்பக் குனிந்து சுற்றியபோது கிரிக்கெற் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குச் சைக்கிளைத் தூக்கி அவன் தலையில் போடலாம் போல இருந்தது.

"மிச்சம் என்ன சொன்னவள், பிள்ளை?" என்று கேட்டார் செபநாயகம்.

கேட்கவில்லை என்று சொன்னால் பின்னேரமே வள்ளம் இறங்கும். பேதுருவும் அதில் இருப்பான். தமையனைக் கிடத்தின பாய் ஒரு கணம் அவள் கண்ணுக்குள் வந்துபோனது. "நாளைக்கு விடியத்தான் தொடங்குமாம். அதுக்கு முன்னம் இறங்கினால் சுடுவாங்களாம்," என்றாள். தானே ஒரு வாலைச் செய்து ஒட்டிவிட்டாள்.

ஒழுங்கை நம்பியது. அன்று பக்கத்துப் பாசையூர் வள்ளங்கள் போய், விடிய றாலும் மீனுமாக அள்ளிக்கொண்டு வந்து இறங்கின. தடை தளர்ந்தது செய்தி வந்த அன்றைக்கேயாம்.

"நீ கேட்டனியோ, கேக்கேல்லையோ?" பேதுரு வாசலை மறித்து நின்று கேட்டான்.

"நீங்கள் சுத்தினால்தானே கேக்கிறதுக்கு!"

"அப்ப ஏன் புளுகினனி?"

உங்களைச் சாகக் குடுக்கேலாமல் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் வெளியே செபநாயகம் ஊருக்கே கேட்கக் கத்தினார். "கொன்வென்ற் இங்கிலீசாம்! தன்ரை வீட்டிலை தானே செய்தி காய்ச்சுறாள்!"

அதற்குப் பிறகு செய்தி கேட்க ஒரு குருவியும் முற்றத்துக்கு வரவில்லை. தண்ணிக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் "இண்டைக்கு என்ன வால், மக்டலீன்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பேதுரு பெடலைத் தொடுவதையே விட்டுவிட்டுத் தொழிலுக்குப் போனான். அவள்தான் ஒவ்வொரு காலையும் ஒரு கையால் சுற்றி, றேடியோவோடு காதை ஒட்டிவைத்துக் கேட்டாள்.

சித்திரை மாதத்தில் ஒருநாள், பேதுரு கரைக்குப் போய்விட்டான். அவள் சுற்றிக்கொண்டிருந்தாள். ‘சீஸ்ஃபயர்’ என்று வந்தது. அடுத்து ‘ஓவர்’ என்று வந்தது. வால் வரும் என்று சுற்றினாள். எந்த இடம் தவிர? எத்தனை மணியிலிருந்து? காலநிலை சொன்னார்கள், கிரிக்கெற் சொன்னார்கள், பாட்டுப் போட்டார்கள். கை மாற்றி மாற்றிச் சுற்றினாள். செய்திச் சுருக்கம் திரும்ப வந்தது, அதே இரண்டு சொல்தான். ‘தவிர’ இல்லை, ‘வரைக்கும்’ இல்லை. கண்டறியாத சொல்! தளர்த்துகிறதற்கு அத்தனை நிபந்தனை வைத்தவர்களுக்கு, முடிக்கிறதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

சைக்கிளைப் போட்டது போட்டபடி ஓடினாள். முழங்கால் தண்ணீரில் வள்ளம் நின்றது. செபநாயகம் உள்ளே இருந்தார், பேதுரு பின்னுக்கு நின்று தள்ளிக்கொண்டிருந்தான்.

"போகாதேங்கோ! முடிஞ்சுதாம்! சண்டை நிற்பாட்டினது முடிஞ்சுதாம்!"

"இண்டைக்கு என்ன வால், பிள்ளை?" என்றார் செபநாயகம். கரையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"வாலில்லை அண்ணை! அதைத்தானே சொல்லுறன், வாலே இல்லை!"

சிரிப்பு இன்னும் கூடியது. அவளுக்கு அழுகை வந்தது, அழுகையை விட ஆத்திரம் வந்தது. அவள் சொன்ன பொய்யை மறுகேள்வி கேட்காமல் விழுங்கின சனம், உண்மைக்கு இப்படிப் பல்லைக் காட்டுகிறது.

பேதுரு சிரிக்கவில்லை. "நீ கேட்டனியோ?" என்றான்.

"கேட்டனான்."

"முழுக்கக் கேட்டனியோ?"

மக்டலீன் இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். மணிக்கட்டு வரைக்கும் கிறீஸ் கறுப்பு. உள்ளங்கையில் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. வருசக்கணக்காக அந்தப் பெடலைச் சுற்றினவன் அவன். எவ்வளவு நேரம் சுற்றினால் தோல் இப்படி உரியும் என்று அவனுக்கு ஒருத்தரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

அவன் வள்ளத்தின் சுக்கானைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு கரைக்கு நடந்தான்.

"டேய், அறுவானே! சுக்கானைத் தாடா!"

பேதுரு மணலில் இருந்து, சுக்கானை மடியில் வைத்துக்கொண்டான். செபநாயகம் வள்ளத்தில் எழும்பி நின்று அவனுடைய அப்பனைத் திட்டினார், அவளுடைய கொன்வென்ற்றைத் திட்டினார், அந்தக் கலியாணத்தைச் செய்துவைத்த சுவாமியாரையும் விடவில்லை. மக்டலீனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "என்ரை வாயை நம்பேல்லை, கையைப் பாத்துத்தானே நம்பினியள்," என்று பேதுருவைப் பார்த்துப் புறுபுறுத்தாள். அவன் அவளுடைய கையைப் பிடித்துத் தான் உடுத்திருந்த சாரத்தின் தலைப்பால் கிறீஸைத் துடைக்கப் பார்த்தான். எரிந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

அப்போது கடற்பக்கம் எங்கேயோ தூரத்தில் குண்டுச் சத்தம் முழங்கியது. திரும்பவும் முழங்கியது. செபநாயகத்தின் ஏச்சு பாதியில் நின்றது. கரையிலும் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அவர் மெல்ல வள்ளத்தை விட்டு இறங்கி, தண்ணீருக்குள் நின்றபடியே கேட்டார். "பிள்ளை, வேறை என்ன சொன்னவங்கள்?"

"அவ்வளவுதான் அண்ணை," என்றாள் மக்டலீன்.