ஒரே இழுப்பில் பன்னிரண்டு ‘இல்லை’

1

இந்தக் கதை எனக்கு ஒரு மருந்துக்கடை வரிசையில் கிடைத்தது. முன்னால் நின்ற பெண், முன்பின் தெரியாதவர், எல்லாவற்றையும் என்னிடம் கொட்டிவிட்டுப் போய்விட்டார். (இதை நம்ப வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், இப்போது தைரியமில்லை.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில், முட்டைகளுக்குப் பக்கத்தில், ஊசி காத்திருந்தது.’ அடித்துவிட்டேன். ஊசியா காத்திருக்கும்? காத்திருந்தவள் அவள்.

பிறகு: ‘அவளுக்கு வயது நாற்பத்திரண்டு, எடை—’

எடையைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் அவளை விட்டுவிட்டு எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முழங்கால் வலிக்கிறது, சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

2

காப்பீட்டு அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கழுகு. மனு போடுகிறவர்கள் நிரப்பித் தரும் உடல்நலப் படிவங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது அவள் வேலை. இதய நோய் உண்டா, இல்லையா? குடும்பத்தில் யாருக்காவது? கேள்வியைப் படித்துப் பதில் சொன்னவரின் குறிகள் ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, அங்கங்கே தயங்கி நிற்கும். படிக்காதவர் ‘இல்லை’ என்ற கட்டங்களின் மேல் மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்திருப்பார். அப்படி ஒரு படிவம் வந்தால், “இவரு படிக்கவே இல்ல, திருப்பி அனுப்புங்க” என்பாள். பத்தொன்பது வருடமாக இதைத்தான் சொல்கிறாள்.

ஊருக்குத்தான் உபதேசம். செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில், எடை குறைக்க வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசிக்காக, ஒரு கிளினிக் அவள் போனுக்குப் பன்னிரண்டு கேள்விகள் அனுப்பியது. கட்டை விரல் இல்லை, இல்லை என்று சறுக்கிக்கொண்டே போய் அடியில் நின்றது. திரையில் டாக்டர் நான்கு நிமிடம் பேசினார். வியாழக்கிழமை பெட்டி வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைதான் உள்ளே இருந்த தாளைப் பிரித்தாள். தீப்பெட்டி அளவு மடித்திருந்தது, விரித்தால் சாப்பாட்டு மேசையை மூடியது. பொடி எழுத்து படிப்பதுதானே அவள் தொழில். குடும்பத்தில் யாருக்காவது ஒரு குறிப்பிட்ட வகைத் தைராய்டு புற்றுநோய் வந்திருந்தால் இந்த ஊசி கூடாது என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. கிளினிக் கேட்ட ஒன்பதாவது கேள்வி அதுதான்.

அந்தக் கட்டத்தை இரண்டு தடவை படித்தாள். அம்மாவின் கழுத்தில், குறுக்கே நூல் கட்டிய மாதிரி, ஒரு தழும்பு உண்டு.*

* அந்த வீட்டில் அந்த நோய்க்குப் பெயர் கிடையாது. ‘அந்த ஆபரேஷன்’ என்பார்கள். என்ன ஆபரேஷன் என்று கேட்டால், கட்டி. என்ன கட்டி என்று கேட்டால், போய் வேலையைப் பார்.

3

கிளினிக்குக்குச் செய்தி அனுப்பினாள். டாக்டர் திங்கட்கிழமை பதில் சொல்வார் என்று வந்தது. ஊசிக்கு அவள் குறித்திருந்த நாள் ஞாயிற்றுக்கிழமை; ஒரு நாள் தள்ளிப் போட்டால் குடியா முழுகிவிடும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். நடைப்பயிற்சியை அவள் நான்கு வருடமாகத் தள்ளிப் போட்டிருக்கிறாள். இதையும் ஒருமுறை தள்ளினால் பெட்டி அங்கேயே கிடந்து காலாவதியாகும், அது அவளுக்கே தெரியும்.

சனிக்கிழமை மாலை, அண்ணன் வீட்டில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தாள். மழை, மூட்டுவலி, மாத்திரை எல்லாம் பேசிய பிறகு கேட்டாள்.

“அம்மா, உனக்குத் தொண்டையில ஆபரேஷன் பண்ணாங்களே, அது என்ன கட்டி?”



“அதெல்லாம் அப்பவே போயிடுச்சு. இப்ப எதுக்குக் கேக்குற? உனக்குக் கழுத்துல ஏதாவது தட்டுப்படுதா?”

மகளுக்கு அதற்குமேல் கேட்க மனம் வரவில்லை.

“இல்லம்மா. ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன்.”

பதின்மூன்றாவது ‘இல்லை’.

4

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அது வெறும் கட்டி. அவள் ஊசி போட்டுக்கொள்கிறாள், ஆறு மாதத்தில் மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறாள். இதை எழுத எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அல்லது, அது அந்த நோயேதான். பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, டாக்டரிடம் தன் கழுத்தைக் காட்ட—

அல்லது எதுவும் தெரியாமலே போட்டுக்கொள்கிறாள். அப்புறம் தினமும் பல் துலக்கும்போது கண்ணாடி முன்னால் கழுத்தைத் தடவித் தடவி—

(முடிக்க முடியவில்லை.)

5

மருந்துக்கடையும் இல்லை, வரிசையும் இல்லை. அவள் என் தங்கை.

இன்று, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டாள். “அண்ணா, உனக்காவது தெரியுமா?” என்றாள். தெரியாது என்றேன். “சரி, குளிச்சிட்டு எட்டரைக்குப் போட்டுக்கறேன். ஏதாவது ஞாபகம் வந்தா அதுக்குள்ள சொல்லு” என்று வைத்துவிட்டாள்.

தெரியாது என்றது பொய்யில்லை. ஆனால் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த வருடம் எனக்குப் பதினைந்து வயது, தங்கைக்கு ஏழு. ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தை அப்பா நாலாக மடித்து அம்மாவின் அலமாரியில், துணிகளுக்கு அடியில் வைத்ததைப் பார்த்தேன். தங்கச்சிகிட்ட சொல்லாதே என்றார். சொல்லவில்லை. படிக்கவும் இல்லை. அந்த அலமாரி இப்போது என் வீட்டில், அடுத்த அறையில் இருக்கிறது.

போனை வைத்ததும் எழுந்து போயிருக்க வேண்டியவன், உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பயம்தான். அவள் அம்மாதான் எனக்கும் அம்மா. ஏழு மணியிலிருந்து என் இடது கை என் கழுத்தை விட்டு இறங்கவில்லை. மேலே எழுதிய அந்த முதல் முடிவை அவளிடம் காட்டினால், கழுகு ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள்: படிக்கவே இல்ல, திருப்பி அனுப்புங்க.

மணி எட்டேகால். கொஞ்சம் பொறு என்று செய்தி அனுப்பினேன், அவள் பார்க்கவில்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருப்பாள். அடுத்த அறையில் அம்மா துணி மடிக்கிற சத்தம் கேட்கிறது. அலமாரிச் சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. கேட்டால் கொடுப்பாளா, அந்தக் காகிதம் இன்னும் இருக்கிறதா, எனக்குத் தெரியாது.

போய்க் கேட்கிறேன். நான் வரும்வரை நீங்கள் என் தங்கையிடம் ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். ஃப்ரிட்ஜைத் திறக்க விடாதீர்கள்.