கம்பளி கைமாறிய இதழ்

கம்பளிக்காரனை நான்தான் கொன்றேன். கடுகண்ணாவைக் கணவாயில் மண்சரிவைத் தோளால் தாங்கி, ரயிலைப் போகவிட்டு, அப்படியே புதைந்துபோனான். மூன்றே கட்டத்தில் முடித்துவிட்டேன். பாவம்தான், ஆனால் அவனோடு என்னால் மாரடிக்க முடியவில்லை.

ஏழு வருடம் அந்தச் சித்திரக் கதையை வரைந்தவர் கணபதி. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் மழைக்குப் போர்த்தும் கறுப்புக் கம்பளியைக் கழுத்தில் முடிந்துகொண்டு, ஒரு கையால் அதன் ஓரத்தைப் பிடித்தபடி பறப்பான் அவன். நான் வசனம் மட்டும் எழுதுவேன். எழுபத்து மூன்றில் கணபதி குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். தூரிகை என் கைக்கு வந்தது, பெயர் வரவில்லை. மூலையில் கணபதி என்றே கையெழுத்துப் போடச் சொன்னார் அச்சக முதலாளி நஸீம் நானா. போட்டேன். கம்பளிக்காரனின் மூக்குதான் எனக்கு அடங்கவே இல்லை.

அவன் கம்பளியை எடுத்துக்கொள்ள ஒருத்தியை வைத்திருந்தேன். சுப்பம்மா, கொழுந்து எடுப்பவள்.

"பொம்பளப் புள்ள பறந்தா யாரு வாங்குற?" என்றார் நஸீம் நானா. "அவன உயிரோட கொண்டு வாங்க."

"ஒரே ஒரு இதழ் தாங்க, நானா."

"சனிக்கிழம காலையில பன்னிரண்டு பக்கமும் வேணும். சரிவராட்டி அவன் திரும்பி வருவான். நீங்க பழையபடி வசனம் எழுதுங்க."

வியாழக்கிழமையே முடித்துவிட்டேன். தாள் மடிக்கும் நல்லம்மா எட்டிப் பார்த்தாள். போன வருடம்வரை மலையில் கொழுந்து எடுத்தவள். பார்த்ததும் சிரித்தாள்.

"என்னடி சிரிப்பு?"

"கம்பளிய யாரு அக்கா, கழுத்துல முடியுறது? மடிச்சுத் தலையில போட்டு, அதுக்கு மேல கூடைக் கயித்த மாட்டுவோம். ரெண்டு கையும் சும்மா இருந்தாத்தானே கொழுந்து எடுக்கலாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கங்களைத் திரும்பப் பார்த்தபோது வெட்கமும் வந்தது. டவுனுக்குள்ளே, மஹய்யாவயில் பிறந்து வளர்ந்த நான் ஒரு நாளாவது மலையை ஒழுங்காகப் பார்த்திருக்கிறேனா? கணபதியின் கம்பளிக்காரனுக்கே சேலை கட்டிவிட்டு அவளைச் சுப்பம்மா என்றிருக்கிறேன்.

பன்னிரண்டையும் கிழித்தேன். வெள்ளிக்கிழமை விடிந்ததும் கதிரையில் உட்கார்ந்தவள் மணிக்கட்டு வீங்கும்வரை எழும்பவில்லை. நல்லம்மா கூடையையும் கயிற்றையும் கொண்டுவந்து, மாட்டி நின்று காட்டினாள். கயிறு கம்பளியை இறுக்கிப் பிடித்தது. என் சுப்பம்மா ஒரு கையால் அறுந்த பாலத்தைப் பிடித்தாள், மறு கையால் பிள்ளைகளை இழுத்தாள். கம்பளிக்காரனுக்கு ஏழு வருடமாக ஒரு கைதான் இருந்திருக்கிறது!

சனிக்கிழமை நஸீம் நானா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பாலம் வரும் பக்கத்தில் நிறுத்தி, திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்.

"ரெண்டு கையாலயும் வேலை செய்றாளே," என்றார். "சரி, இவளே இருக்கட்டும்."

கடைசிப் பக்கத்தின் மூலையில் அவர் விரல் நின்றது. அங்கே கணபதி இல்லை. மதலேனா என்று என் பெயரை எழுதியிருந்தேன்.

அதை அழிக்க வெள்ளை மைப் போத்தலைத் திறந்தார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கினேன், மூடியை இறுக்கினேன், என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"அச்சுக்கு நேரமாச்சு, நானா."