கூடுவாய்த் தண்ணீர்

பெரியநாயக்கன்பாளையத்தில் சாந்தாமணி மழைக்காலத்துக்கு ஒரு சாண் வீதம் உயரம் குறைந்தாள். ஏழு சாண் இருந்தவள் ஆறு ஐப்பசி கழிந்ததும் ஒரு சாண் ஆனாள். காரணம் ஊருக்கே தெரியும். செத்துப்போன அவள் புருசனின் அண்ணன் அப்புசாமி, தன் ஓட்டு வீட்டுக்கும் அவளுடைய ஓட்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த திறந்தவெளி வாசலில் லேத் பட்டறை வைத்து, மேலே வில்லாக வளைந்த ஷீட் போட்டார். வளைவில் வழிவதும் ஓட்டில் இறங்குவதும் சேரும் கூடுவாயில் ஒரு தகரக் கால்வாய். அதை மாட்டிய கோட்டைமேட்டு அனீஸ் மட்டம் பார்த்துவிட்டு, “தெக்கால ரோட்டுச் சாக்கடைக்கு வாட்டம் குடுத்துருவோமுங்க, ஒரு சொட்டு நிக்காது” என்றான். அப்புசாமி வாஸ்துக்காரருக்குப் போன் போட்டார். “தெக்கால தண்ணி போனா தொழில் படுத்துருமாமா பாய். ஈசானியத்துக்கே உடுங்க” என்றார். ஈசானிய மூலையில் இருந்தது சாந்தாமணியின் சமையலறை.

முதல் ஐப்பசியில் அவளுக்கு உப்புச் சாடி எட்டவில்லை. சுவரெல்லாம் ஓதம். நேரே போய்க் கேட்டாள். “மாமா, சுவரு கரையறதுக்கு முந்தி நான் கரைஞ்சுபோட்டனுங்க. வாட்டத்தத் திருப்பி உடுங்க.” அந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. “உங்களுக்கில்லாததா அம்மணி? ஒரு நல்ல நாள் பாத்துச் செஞ்சுபோடலாமுங்க” என்றார். நல்ல நாள் வரவில்லை, இரண்டாவது லேத் வந்தது. மூன்றாவதும் வந்தது. வாஸ்து பலித்துவிட்டது என்று அவர் நம்பினார், பாவி. கொரோனா வருசத்தில் அவள் பக்கத்து வீட்டுக் குழந்தையின் கவுனைப் போட்டுக்கொண்டு திரிந்தாள். ரேஷன் கடையில் அவளைத் தூக்கிப் பிடித்தார்கள். கைரேகை சிறுத்திருந்தாலும் மெஷின் ஒத்துக்கொண்டது. “சிரமமா இருந்தா ஊட்டக் குடுத்துப்போட்டு வால்பாறைல உங்கண்ணங்கிட்டப் போயிருங்க” என்று அப்புசாமி இதமாகச் சொன்னார். “நான் படி இறங்குனா அன்னைக்கே சுவத்த இடிச்சுப்போடுவீங்க” என்றாள் அவள். பாகத்தில் வந்த அந்த ஒரு வீட்டைத் தவிர அவளுக்கு வேறு நாதியில்லை.

ஏழாவது ஐப்பசி பிறந்த அன்று, மல்லிகைக் கொடியைப் பிடித்துக் கூரைக்கு ஏறினாள். கால்வாய்த் தண்ணீர் இறங்கும் குழாய்க்குள் புகுந்து, பழைய துணியைச் சுற்றிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மத்தியானம் கொட்டித் தீர்த்தது. தண்ணீர் போக வழியில்லாமல் ஷீட்டுக்கடியில் ஏறிப் பட்டறைக்குள் ஊற்றியது. மூன்று லேத்தும் நனைந்தன. அவள் சமையலறை காய்ந்து கிடந்தது. அவளுக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல, குழாய்க்குள்ளிருந்து அவள் சிரித்தது ரோடு வரைக்கும் கேட்டது.

அனீசை வரவழைத்தார்கள். ஏணியில் ஏறிப் பார்த்தவன், “அக்கா உள்ள இருக்காங்க. என்னால ஆகாதுங்க” என்று இறங்கிப் போய்விட்டான். அப்புசாமியே நீளக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு ஏறினார். குழாய்க்கு நேரே குனிந்து, குரலைத் தணித்து, “ஏனுங்க அம்மணி, கொஞ்சம் கண்ண மூடிக்கங்க, கம்பி உடறேனுங்க” என்றார்.

இரண்டே குத்தில் தண்ணீர் ஈசானியத்துக்கு ஓடியது. சாயங்காலத்துக்குள் பட்டறைத் தரை காய்ந்துவிட, துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அங்கேயே சேர் போட்டார்கள். அப்புசாமி ஒவ்வொருவரையும் கைகூப்பி வாங்க வாங்க என்று உட்கார வைத்தார். வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, மறுபடி பிடித்த மழைக்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லையே என்று ஷீட்டை அண்ணாந்து பார்த்தார்கள்.